எல்லா அட்டையிலும் ஒரே சொல்

என் தாய்மொழி பாரசீகம். தெஹ்ரானில் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த நாட்களில், ஈரானில் பலரும் செய்வதுபோல நானும் ஐந்து அறை லைட்னர் பெட்டி, அதாவது சொல் அட்டைகளை அறை அறையாகப் பிரித்து வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கும் பெட்டி, வைத்திருந்தேன். அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் பாரசீகச் சொல். தினமும் புரட்டினேன். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

ஒருநாள் காரணம் பிடிபட்டது. ப்ரிசைஸ், அக்யூரேட், எக்ஸாக்ட், மெட்டிகுலஸ் என நான்கு அட்டைகளின் பின்னாலும் ‘துல்லியமான’ என்று பொருள்படும் ‘தகீக்’ என்ற ஒரே பாரசீகச் சொல்லையே எழுதியிருந்தேன். அப்புறம் எப்படி வேறுபாடு தெரியும்?

பாரசீகச் சொல்லை அடித்துவிட்டு, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வரும் என்று எழுதத் தொடங்கினேன். ஆராய்ச்சியாளரின் பொறுமையான உழைப்புக்கு மெட்டிகுலஸ், நேரம் தவறாத கடிகாரத்துக்கு அக்யூரேட், மீதி தர வேண்டாதபடி எண்ணிக் கொடுக்கும் சில்லறைக்கு எக்ஸாக்ட்.

வினைச்சொற்களையும் இப்படியே மாற்றினேன். பாரசீகத்தில் கனவைப் ‘பார்ப்போம்’. அதனால் ட்ரீம் என்ற சொல்லுக்கு முன் ‘சீ’ (பார்) என்றே எழுதி வந்தேன், ஹேவ் நினைவுக்கே வராது. இப்போது ஜோடியாகவே மனப்பாடம் செய்கிறேன்.

முன்பு நாளுக்கு முப்பது அட்டை. இப்போது ஐந்துதான், ஆனால் ஐந்தையும் அன்றைக்கே ஒரு கடிதத்தில் பயன்படுத்திவிடுகிறேன்.