இலவச வயலின், பியானோ நிகழ்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய இசை திருநெல்வேலிச் சீமைக்கு அந்நியமானதன்று. கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்தவராகக் கருதப்படும் பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர். ஆயினும், விஞ்ஞானிகள் இருவர் பாளையங்கோட்டைக் கல்லூரி அரங்கொன்றில் கட்டணமின்றி வயலினும் பியானோவும் வாசிக்கிறார்கள் என்றால், நம்மூர்க் கச்சேரிப் பழக்கத்தை அப்படியே அங்கும் கொண்டுபோய் விடுகிறோம். தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, பியானோவைப் பக்கவாத்தியமாக எண்ணிக்கொண்டு வயலினை மட்டும் கேட்பது. ஐரோப்பிய இசையமைப்பாளர் மோட்சார்ட் இவ்விரு கருவிகளுக்கும் எழுதிய தொடக்ககால சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்புகள்) வயலின் துணையோடு வாசிக்கும், பியானோ போன்ற விசைக்கருவிகளுக்கான படைப்புகளாகவே வெளியிடப்பட்டன. அவருக்குப் பின்வந்த பீத்தோவனின் சொனாட்டாக்களில் இரண்டு கருவிகளும் சரிசமம். ஒன்று எடுத்துக் கொடுக்கும் மெட்டை மற்றொன்று வாங்கிக்கொண்டு வளர்க்கும். ஆகவே பியானோ கலைஞரின் கைகள் தெரியும்படி அரங்கின் இடப்பக்கத்தில் உட்காருவது நல்லது.

அடுத்தது கைதட்டல். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுவதும், இடையில் ‘சபாஷ்’ சொல்வதும், தொடையில் தாளம் போடுவதும் நமக்கு ரசனையின் அடையாளங்கள். ஆனால் சொனாட்டா என்பது மூன்று நான்கு பகுதிகள் சேர்ந்த ஒரே படைப்பு. பகுதிகளுக்கிடையே வரும் மௌனத்தைக் கலைக்காதிருப்பதே இன்றைய வழக்கம். (பீத்தோவன் காலத்து ரசிகர்கள் இடையிலும் தட்டினார்கள் என்பதால், தவறித் தட்டியவரை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.) நிகழ்ச்சி நிரலில் எத்தனை பகுதிகள் என்று பார்த்துக்கொண்டு, வயலின் தோளிலிருந்து இறங்கும்வரை பொறுத்திருந்தால் போதும்.

விஞ்ஞானிகள்தானே, பொழுதுபோக்குக்கு வாசிக்கிறார்கள் என்று காதைத் தளர்த்திக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஐன்ஸ்டீனின் வயலினுக்கு இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பியானோ வாசித்ததுண்டு. வேதியியல் பேராசிரியரான பொரோதின் ரஷ்ய இசையின் பெரிய படைப்பாளிகளுள் ஒருவர். பீத்தோவனின் ‘வசந்தம்’ சொனாட்டாவில் மூன்றாம் பகுதி மிகச் சிறியது. அதில் வயலின் பியானோவைவிட ஒரு தட்டு பின்தங்கியே ஓடும். வாசிப்பவர்கள் தாளம் தவறிவிட்டார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கிசுகிசுத்துவிடாதீர்கள். அது பீத்தோவன் வேண்டுமென்றே செய்த குறும்பு.

நடத்துபவர்களின் தவறுகள் இன்னும் விலை உயர்ந்தவை. பியானோவுக்கு 88 கட்டைகளும் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகளும் உண்டு. அக்கம்பிகளின் மொத்த இழுவிசை பல டன். ஈரப்பதம் மாறினால் உள்ளிருக்கும் மரப்பலகை உப்பியும் சுருங்கியும் சுருதியைக் கலைத்துவிடும். எனவே காலையில் லாரியில் கொண்டுவந்து இறக்கி மாலையில் வாசிக்கச் சொல்லக் கூடாது. சில நாள்கள் அந்த அறைக்குப் பழகவிட்டு, அதன் பிறகே சுருதி சேர்க்க வேண்டும். பியானோ கிடைக்கவில்லையென்றால் கீபோர்டை வைத்துச் சமாளிக்கலாம் என்பதைக் கலைஞர்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். சிறிய அரங்கில் ஒலிபெருக்கி தேவையே இல்லை. அது இரு கருவிகளின் நுண்மையான வேறுபாடுகளையும் தட்டையாக்கிவிடும். மேடைக்கு மேலுள்ள மின்விசிறி இசைத்தாள்களைப் புரட்டிவிடும் என்பதால் அதை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். வரவேற்புரையையும் பொன்னாடையையும் இறுதிக்கு ஒத்திவைத்தால் கலைஞர்களின் விரல்கள் குளிர்ந்துபோகாமல் இருக்கும்.

கட்டணம் இல்லை என்பதற்காகத் தாமதமாக வருவதும் பாதியில் எழுந்து போவதும் நம்மிடம் சகஜம். தாமதித்தவர்கள் கதவுக்கு வெளியே நின்று, கைதட்டல் கேட்ட பின் நுழையலாம். கைப்பேசியை அதிர்வு நிலையில் வைப்பது போதாது, அணைத்துவிட வேண்டும். மென்மையான இடங்களில் மர இருக்கைமேல் அது அதிர்வதும் தெளிவாகக் கேட்கும்.

நிகழ்ச்சி முடிந்து கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், அன்று வாசித்ததைப் பற்றியே கேளுங்கள். மகேந்திரகிரியும் கூடங்குளமும் அருகிலிருப்பதால் ராக்கெட்டையும் அணுஉலையையும் பற்றிக் கேட்கத் தோன்றும்தான். பிள்ளைக்கு எந்தப் பாடப்பிரிவு எடுக்கலாம் என்றும் தோன்றும். அவற்றுக்கு வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.