கோடையிலும் தேனீக்கள் தங்கும் தோட்டம்
வெயில் முற்றியதும் என் தோட்டத்தில் பூக்கள் இருந்தும் தேனீக்கள் வராமல் போயின. மண் வறண்டால் செடி பூத்தாலும் தேன் சுரப்பது குறைந்துவிடும்; அடுக்கு இதழ்ப் பூக்களிலோ மகரந்தம் எளிதில் எட்டாது. ஆகவே அடுக்குச் சாமந்தியை எடுத்துவிட்டு, வறட்சி தாங்கும் துளசி, ரோஸ்மேரி, சூரியகாந்தி ஆகியவற்றை வகைவகையாகக் கூட்டமாக நட்டு, அதிகாலையில் வேர் நனைய நீர் விட்டு, துளசிக் கதிர்களைக் கிள்ளாமல் பூக்க விட்டேன். அகன்ற மண்தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின் மேற்புறம் மூழ்காத அளவுக்கு நீர் ஊற்றி வைத்தேன். கல்லின் ஈர விளிம்பில் நின்று, வயிறு துடிக்க, நாக்கை நீட்டித் தேனீக்கள் நீர் உறிஞ்சுவதை இப்போது நாள்தோறும் காணலாம். செடிகளைச் சுற்றி, மண்ணின் ஈரம் காயாதபடி மூடும் மூடாக்கு இட்டாலும், வெயில் படும் ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறேன். தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல், தனித்தனியே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.