தண்டர்பேர்ட் ஐகான் மாத்தப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

தண்டர்பேர்ட்ங்கறது கம்ப்யூட்டர்ல மெயில் பாக்கற சாஃப்ட்வேர், அதோட 1.0 வெர்ஷன் வந்தது 2004 டிசம்பர்ல. இருபது வருஷம் தாண்டியும் காலைல ஆபீஸ் வந்ததும் முதல் வேலையா இதைத் திறக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க யாரும் பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறதில்ல, கை தானா அந்த இடத்துக்குப் போயிடும். 2020ல 78ங்கற வெர்ஷன் வந்தப்ப ஐகான் எல்லாம் மாறுச்சு, 2023 ஜூலைல சூப்பர்நோவாங்கற பேர்ல 115 வந்தப்ப மறுபடி மொத்தமா மாறுச்சு. அதுலேர்ந்து "பழைய ஐகான் வச்சுக் குடு"ன்னு ஒருத்தர் கேப்பாங்க, "இன்னும் பழசாவே இருக்கு, வேற அழகா வச்சுக் குடு"ன்னு இன்னொருத்தர் கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் நான் பண்ணிக் குடுத்திருக்கேன், அதுல எனக்கு நல்லா உறைச்ச விஷயத்தை முதல்ல சொல்லிடறேன்.

எங்க அத்தை ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறாங்க, தண்டர்பேர்ட்தான் பல வருஷமா. மெயில் மேல வர்ற பட்டன் வரிசை உங்களுக்கே தெரியும், ரிப்ளை, ஃபார்வேர்ட், ஆர்கைவ், அப்புறம் ஜங்க், அதை ஒட்டியே டெலீட். ஜங்க்குக்கு இதுல ஒரு நெருப்பு ஜ்வாலை படம், அது எனக்கு பொருத்தமா படல, ஸ்பாம்னா குப்பைதானேன்னு நினைச்சு குப்பைக்கூடைக்குள்ள பெருக்கல் குறி போட்ட மாதிரி ஒரு ஐகான் வரைஞ்சு வச்சேன். பாக்க க்ளீனா இருக்கட்டும்னு பட்டன்ல எழுத்தையும் எடுத்துட்டு ஐகான் மட்டும்னு செட் பண்ணிட்டேன். மூணு வாரம் கழிச்சு அத்தை ஃபோன், "ஏன்டா, பேங்க் ஸ்டேட்மெண்ட் எதுவுமே வர மாட்டேங்குது, பார்ட்டிங்க எல்லாம் அனுப்பிட்டோம்னு சாதிக்கிறாங்க"ன்னு. போய் பாத்தா எல்லாம் ஜங்க் ஃபோல்டர்ல குவிஞ்சு கிடக்கு.

நடந்தது என்னன்னா, பாத்து முடிச்ச மெயிலை டெலீட் பண்றதா நினைச்சு அவங்க ஜங்க்கை அமுக்கியிருக்காங்க, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல கூடை மாதிரியே இருந்தா வேற என்ன ஆகும். அமுக்கினா மெயில் கண்ணு முன்னாடி காணாம போகுது, அதனால டெலீட் ஆயிடுச்சுன்னுதான் தோணும். ஆனா ஜங்க் பட்டன் மெயிலை நகர்த்தறதோட நிக்காது. தண்டர்பேர்டோட ஸ்பாம் ஃபில்டர் பேய்சியன் முறைல, அதாவது எந்த வார்த்தை ஸ்பாம்ல அதிகம் வருதுன்னு கணக்கு போட்டு வேலை செய்யுது, நீங்க ஜங்க்னு சொல்ற ஒவ்வொரு மெயில்லயும் இருக்கிற வார்த்தைகளை கத்துக்கும். "ஸ்டேட்மெண்ட்", "இன்வாய்ஸ்", "ஜிஎஸ்டி" எல்லாம் ஸ்பாம் வார்த்தைன்னு அத்தையே தெரியாம பாடம் நடத்தியிருக்காங்க. செட்டிங்ஸ்ல ஜங்க் ட்ரெய்னிங் டேட்டாவை ரீசெட் பண்ணி, ஜங்க்ல இருந்ததை ஒவ்வொண்ணா பாத்து "நாட் ஜங்க்" போட்டு எடுக்க ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு. அழகில்லன்னு நான் தூக்கின அந்த ஜ்வாலைதான் அத்தனை வருஷமா டெலீட்டையும் ஜங்க்கையும் பிரிச்சுக் காட்டிட்டு இருந்திருக்கு. அதனால ஒரு ஐகானை மாத்தறதுக்கு முன்னாடி அதை மட்டும் பாக்காதீங்க, இடப்பக்கம் வலப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க, வடிவம் மாத்தினா எழுத்தையாவது விட்டு வைங்க, ரெண்டையும் ஒரே நாள்ல தூக்காதீங்க.

அடுத்து எல்லாரும் பண்றது, இங்க்ஸ்கேப்ங்கற படம் வரையற சாஃப்ட்வேர்ல 800 பர்சென்ட் ஜூம்ல வரைஞ்சு "ஆஹா"ன்னு திருப்திப்பட்டுக்கறது. மெயில் லிஸ்ட்ல வர்ற ஐகான் 16க்கு 16, மொத்தமே 256 புள்ளி. அதுல கவருக்குள்ள லெட்டர், லெட்டர் மேல கோடு, ஓரத்துல நிழல்னு வச்சா ஸ்க்ரீன்ல ஒரு சாம்பல் அழுக்கு மாதிரிதான் தெரியும். இதுல சின்ன நுணுக்கம் ஒண்ணு இருக்கு: எஸ்விஜில (புள்ளியா இல்லாம கோடும் வடிவமுமா படத்தை வைக்கிற ஃபைல்) 1 பிக்சல் தடிமன்ல படுக்கை கோடு போடறீங்க, அதோட நடு சரியா 4ன்னு முழு எண்ல வச்சா கோடு பாதி மேல் பிக்சல்லயும் பாதி கீழ் பிக்சல்லயும் விழும், ரெண்டு வரிசையும் மங்கலாயிடும். அதே கோட்டை 4.5ல வச்சுப் பாருங்க, ஒரே வரிசைல நச்சுனு உக்காரும். இதை மட்டும் சரி பண்ணாலே பாதி ஐகான் பளிச்சுனு ஆயிடும். அதோட விண்டோஸ்ல ஸ்கேலிங் 125 பர்சென்ட் வச்சிருந்தா 16ங்கறது 20 ஆகும், 150ன்னா 24, அந்த மூணு அளவுலயும் பாத்துட்டுதான் முடிவு பண்ணணும். புள்ளி புள்ளியா சேமிச்ச பழைய பிஎன்ஜி படத்தை இழுத்துப் பெருசாக்கி வைக்கிறது மட்டும் வேணவே வேணாம், உக்காந்து எஸ்விஜில புதுசா வரைஞ்சிடுங்க.

கலர் விஷயத்துக்கு வருவோம். ஐகான் ஃபைலுக்குள்ளயே கருப்புன்னு எழுதி வச்சிடுவாங்க, லைட் தீம்ல சூப்பரா இருக்கும், டார்க் தீம் போட்டதும் ஒண்ணுமே தெரியாது. டார்க் தீம் இல்லாட்டியும் ஒரு மெயிலை செலக்ட் பண்ணா அந்த வரி அழுத்தமான கலருக்கு மாறுதே, அப்பவும் இதே கதிதான். எஸ்விஜில ஃபில் இருக்கிற இடத்துல கலர் பேருக்கு பதிலா காண்டெக்ஸ்ட்-ஃபில்னு போட்டு, தோற்றத்தை மாத்தற சிஎஸ்எஸ் கோடுல மோஸ் காண்டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டீஸை (-moz-context-properties) ஃபில்னு குடுத்தா, சுத்தி இருக்கிற எழுத்தோட கலரையே ஐகானும் எடுத்துக்கும்படி பண்ணலாம். எல்லாம் சரியா எழுதியும் வேலை செய்யலன்னு தலையை உடைச்சுக்கிறவங்களுக்கு: நம்ம மெயில், செட்டிங்ஸ் எல்லாம் சேமிச்சு வைக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டர்ல இருக்கிற எஸ்விஜிக்கு அது தானா வேலை செய்யாது, உள் செட்டிங்ஸை மாத்தற கான்ஃபிக் எடிட்டர்ல எஸ்விஜி.காண்டெக்ஸ்ட்-ப்ராப்பர்ட்டீஸ்னு ஆரம்பிக்கிற வரியை ட்ரூ ஆக்கணும். எனக்கு இது தெரியாம ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம் சிவப்பு புள்ளின்னா ஒண்ணு, பச்சை புள்ளின்னா வேற ஒண்ணுன்னு கலரை மட்டும் நம்பி பிரிக்காதீங்க, அந்த ரெண்டும் ஒரே மாதிரி தெரியறவங்க எந்த ஆபீஸ்லயும் இருக்கலாம், வடிவமும் வேறயா இருக்கணும்.

ஒரு மெயிலுக்கு எத்தனை நிலை இருக்குன்னு எழுதி வச்சுக்காம ஆரம்பிக்கிறதும் பெரிய தப்பு. படிக்காதது, புதுசா வந்தது, ரிப்ளை போட்டது, ஃபார்வேர்ட் பண்ணது, ஸ்டார் போட்டது, அட்டாச்மெண்ட் உள்ளது, இதெல்லாம் ஞாபகம் வரும். ரிப்ளையும் போட்டு ஃபார்வேர்டும் பண்ண மெயிலுக்கு தனி ஐகான் இருக்கே, அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, லிஸ்ட்ல அங்கங்க ஒரு பழைய ஐகான் மட்டும் ஒட்டாம நிக்கும். உருது, அரபி மாதிரி வலமிருந்து இடமா ஓடற மொழில வச்சிருக்கிறவங்களுக்கு ரிப்ளை அம்பு திரும்பணும், அதையும் சேர்த்துக்கோங்க.

எங்க மாத்தறோம்ங்கறதும் முக்கியம். தண்டர்பேர்ட் இன்ஸ்டால் ஆன இடத்துல ஆம்னி.ஜேஏன்னு ஒரு ஃபைல் இருக்கும், ஐகான் எல்லாம் அதுக்குள்ளதான், அதைப் பிரிச்சு மாத்தி திரும்ப கட்டி வைக்கலாம்னு சிலர் சொல்வாங்க, செய்யாதீங்க, அடுத்த அப்டேட் வந்ததும் எல்லாம் போயிடும். ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ள க்ரோம்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல யூசர்க்ரோம்.சிஎஸ்எஸ் வச்சா அப்டேட் அதைத் தொடாது. லினக்ஸ்ல ஃபோல்டர் பேர் முழுக்க சின்ன எழுத்து, ஃபைல் பேர்ல நடுவுல வர்ற சி மட்டும் பெரிய எழுத்து, இது மாறினா ஒண்ணும் நடக்காது, எரரும் காட்டாது. கான்ஃபிக் எடிட்டர்ல லெகசின்னு தேடி, ஸ்டைல்ஷீட்ஸ்னு முடியற வரியையும் ட்ரூ பண்ணணும்.

நெட்ல கிடைக்கிற பழைய கோடை அப்படியே ஒட்டறதுக்கு முன்னாடி அது எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு பாருங்க. 115ல மெயில் லிஸ்ட்டும் ஃபோல்டர் லிஸ்ட்டும் அடியோட திரும்ப எழுதப்பட்டது, அதனால ட்ரீசில்ட்ரன்னு ஆரம்பிக்கிற பழைய விதிங்க எதுவும் அங்க ஒட்டாது. ஏதாவது குழம்பினா ட்ரபுள்ஷூட் மோடுல திறங்க, உங்க சிஎஸ்எஸ் இல்லாம திறக்கும், தப்பு யார் மேலன்னு உடனே தெரிஞ்சிடும்.

டெஸ்க்டாப்ல இருக்கிற ஐகானை மாத்தறவங்க விண்டோஸ் ஐகானுக்கான ஐகோ ஃபைல்ல 256 அளவு மட்டும் போடாதீங்க, 16, 32, 48 எல்லாம் தனியா வரைஞ்சு போடுங்க. மாத்தியும் பழசே தெரியுதுன்னா விண்டோஸ் ஏற்கனவே சேமிச்சு வச்சிருக்கிற ஐகான் கேஷ்தான் காரணமா இருக்கும். மாத்தின தண்டர்பேர்டை ஊருக்கே பேக் பண்ணி குடுக்கப் போறீங்கன்னா லோகோ விஷயத்துல ஜாக்கிரதை, கோடு ஓப்பன் சோர்ஸ்தான், ஆனா பேரும் லோகோவும் ட்ரேட்மார்க். டெபியன்ங்கற லினக்ஸ் வகைல 2017 வரைக்கும் இது ஐஸ்டவ்ங்கற பேர்ல வேற படத்தோட வந்தது இந்த தகராறாலதான்.

கடைசியா ஒண்ணு. குடுத்துட்டு கிளம்பிடாதீங்க, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருங்க. "இதுக்கு ரிப்ளை போடுங்க, இதை அழிங்க, இதை ஆர்கைவ் பண்ணுங்க"ன்னு ஒவ்வொண்ணா சொல்லி, மௌஸ் எங்க ஒரு நொடி தயங்கி நிக்குதுன்னு மட்டும் பாருங்க, நிக்கிற இடத்து ஐகானை திரும்ப வரையணும். அத்தைக்கு இப்ப ஜ்வாலை திரும்ப வந்தாச்சு, பக்கத்துல எழுத்தும் இருக்கு, அட்டாச்மெண்ட்டுக்கு நான் வரைஞ்ச க்ளிப்பை மட்டும் "இது நல்லா தெரியுதுடா"ன்னு வச்சுக்கிட்டாங்க.