ஜெபமே சடங்காகும்போது: கிறிஸ்தவ ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல ஆலோசனைத் துறைக்குப் புதிதாக வரும் விசுவாசிகள் சிலரின் வேலையை இப்போது நான் மேற்பார்வையிடுகிறேன். அவர்களுடைய குறிப்புகளைப் படித்தால், பல வருடங்களுக்கு முன் நானே எழுதியவையோ என்று தோன்றும். மதத்தைத் திணிக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுங்கள். நல்ல மனசோடு செய்து மாட்டிக்கொள்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கேட்காமல் ஜெபிப்பது

வேண்டாம். கேட்ட பிறகும், மறுக்க அவருக்கு இடம் இருந்ததா என்று பாருங்கள். மரியாதைக்காகச் 'சரி' என்பவர்கள் நிறைய.

கேட்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஓர் இளைஞர் வந்தார் (அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன்). பரிசுத்த ஆவியைத் தூஷித்துவிட்டேன், எனக்கு மன்னிப்பே கிடையாது என்ற பயம். ஜெபத்தின் நடுவே ஓர் அசிங்கமான வார்த்தை மனதில் வந்து விழும். உடனே முதலிலிருந்து ஆரம்பிப்பார். எத்தனை தடவை ஆரம்பித்தார் என்று ஒரு குட்டி நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். பக்கம் பக்கமாக ஐந்தைந்து கோடுகள்.

நான் மத்தேயு 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, இயேசு அதை யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்று விளக்கினேன். சேர்ந்து ஜெபித்தோம். முகம் தெளிந்து எழுந்து போவார். வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பி வருவார். "சார், அந்த வசனத்துக்கு அர்த்தம் அதுதானே? நிச்சயமா?"

நான்கு மாதம் இப்படியே போனது. மூத்த ஆலோசகர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "அவர் செய்யிற சடங்குல நீயும் ஒரு பகுதியாயிட்டே."

அது ஓசிடி (OCD): வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநோய். சந்தேகம் வருகிறது, உறுதி கேட்கிறார், கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதியே, 'உறுதி கிடைத்ததால்தான் தப்பித்தேன்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. அடுத்த சந்தேகம் இன்னும் பலமாக வரும். என் வேத விளக்கம் அந்த நோட்டில் இன்னொரு கோடு, அவ்வளவுதான்.

இதற்குச் சிகிச்சை உண்டு. பயப்படும் எண்ணத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல், பதற்றத்தைத் தாங்கப் பழக்கும் முறை அது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட வேலையிலிருந்து அது வளர்ந்தது. அதற்காக, ஆலோசனைக்கு வருபவர் பாவம் என்று நம்புவதைச் செய்யச் சொல்லாதீர்கள். நிச்சயமின்மையைத் தாங்கப் பழகினால் போதும்.

இதை விசுவாசத்துக்கு விரோதம் என்று நினைப்பவர்களுக்கு நான் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைக் காட்டுவேன். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் அவர் ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை விடும் எண்ணம் வரை போனார். பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்ததும்தான் அதிலிருந்து விடுபட்டார்.

புதியவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போன வாரம் நீங்கள் சொன்ன ஆறுதல் எத்தனை மணி நேரம் தாங்கியது?

மாத்திரையை விசுவாசக் குறைவாகப் பார்ப்பது

மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் 'ஜெபம் போதும்' என்ற தொனியில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாலே நிறுத்திவிடுவார்கள். சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியைத் தூதன் தட்டியெழுப்பிக் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டு, மறுபடி படுத்துத் தூங்கினார். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அப்புறம்தான்.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்கவே பயப்படுவது

இதுவும் தவறுதான். அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் உருவாக்கிய ஃபைகா (FICA) கேள்விகள் எந்த மதத்தவருக்கும் பொருந்தும்: எதை நம்புகிறார், அது எவ்வளவு முக்கியம், துணை நிற்கும் சமூகம் உண்டா, சிகிச்சையில் இதை எப்படிக் கவனிக்க வேண்டும்.

போதகரிடம் பேசிவிடுவது

எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் கூடாது. அந்த இளைஞர் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே அவருடைய போதகரைப் பார்த்தேன். இளைஞர் மறுபடி கேட்டால் நானும் போதகரும் ஒரே பதில் சொல்வது என்று பேசிக்கொண்டோம்: "இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று, தம்பி."