மதுரை வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கலாமா? பனிக்காலக் கடற்கரைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியும் தையும் பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து கடலை நோக்கிப் புறப்படும் வேன்களுக்குக் குறைவிருக்காது. ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கி.மீ.; தூத்துக்குடி அதைவிடக் கிட்டம்; திருச்செந்தூரும் தேவிபட்டினமும் சேதுக்கரையும் விடியற்காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய தொலைவில்தான் உள்ளன. இவ்வளவு பக்கத்தில் கடல் இருந்தும், நாம் கடலோரத்து மக்கள் அல்லர். வைகையில் தண்ணீர் வருகிறதா, கண்மாய் நிரம்பியதா என்று மழையை வைத்தே பருவத்தை அளந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தையே கடலுக்கும் கொண்டுபோவதுதான் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகளின் வேர். கடலுக்கு மழை இரண்டாம்பட்சம். காற்றும் நிலவும்தான் முதன்மை.

முதல் தவறு, புறப்படும் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. மார்கழி அதிகாலையில் மதுரைத் தெருக்களில் இலைகூட அசையாது. தேநீர்க் கடை அடுப்புப் புகை கலையாமல் தாழ்வாகவே தங்கி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு, 'காற்றே இல்லை, கடலும் அமைதியாகத்தான் இருக்கும்' என்று எண்ணிக் குழந்தைகளுக்குப் படகு சவாரியை வாக்களித்துவிடுவோர் பலர். ஆனால் அந்த அமைதி நிலத்துக்கு மட்டுமே உரியது. பனிக்கால இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தரையோடு படிந்துவிடுவதால், மேலே வீசிக்கொண்டிருக்கும் வாடைக்காற்று கீழே இறங்க முடிவதில்லை. கடல்நீரோ இரவில் வெப்பத்தை அவ்வாறு இழப்பதில்லை. எனவே மதுரையில் மரங்கள் அசையாமல் நிற்கும் அதே நாழிகையில் பாம்பனில் வாடை இரவு முழுவதும் ஓயாமல் வீசியிருக்கக்கூடும். வெயில் ஏறிய பிறகு மதுரையிலும் காற்று எழும். அதற்குள் வேன் ராமநாதபுரத்தைத் தாண்டியிருக்கும்.

இதற்கு அடுத்தது, மழை நின்றால் பருவமும் முடிந்தது என்று கருதுவது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. சில ஆண்டுகளில் ஜனவரி வரை நீள்கிறது. மழை விடைபெற்றாலும் வடகிழக்குக் காற்று உடன் விடைபெறுவதில்லை. வட இந்தியாவின் மேல் குளிர்ந்த காற்றின் அழுத்தம் கூடும்போதெல்லாம் வங்கக் கடலில் வாடை வலுக்கிறது. வானில் ஒரு மேகத்துண்டுகூட இல்லாத தை மாத நண்பகலில் கடல் வெண்ணுரை கக்கிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் நுழையும் இக்காற்று, சந்துக்குள் புகுந்த காற்றைப் போல முடுக்கம் பெற்று மன்னார் வளைகுடாவின் தென்பகுதியிலும் குமரிக்கடலிலும் பாய்கிறது. வானிலை அறிக்கைகளில் வரும் 'குமரிக்கடல்' என்ற பெயரைக் கன்னியாகுமரிக் கரையோடு மட்டும் பொருத்திப் பார்ப்பதும் பிழைதான். தீபகற்பத்தின் முனையை அடுத்து விரியும் பெரும் கடற்பரப்பையே அச்சொல் குறிக்கிறது.

கடல் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணமே இவை எல்லாவற்றிலும் விலை மிகுந்தது. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. முன்னது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடல்; பின்னது தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கும் கடல். தனுஷ்கோடிச் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வடக்குப்புறத்தைப் பெண்கடல் என்றும் தெற்குப்புறத்தை ஆண்கடல் என்றும் காட்டுவதுண்டு. பெண்கடல் எப்போதும் அமைதியானது என்று கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. தென்மேற்குப் பருவத்தில் சீறுவது மன்னார்ப் பக்கம். வாடைக் காலத்தில் முறை மாறி, காற்றை நேருக்கு நேர் வாங்குவது பாக் விரிகுடாப் பக்கம். ஆழம் குறைந்த கடலில் எழும் அலை பெரிய உயரத்துக்கு வளராது என்பது உண்மையே. ஆனால் அது குறுகிய இடைவெளியில், செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஆழ்கடலின் நீண்ட அலையில் சிறு படகு ஏறி இறங்கிவிடும். இந்தக் குட்டை அலையில் படகின் முன்முனை ஓரலையைத் தாண்டுவதற்குள் அடுத்தது அறைந்துவிடும்.

இந்த வேறுபாடு நீராடச் செல்வோருக்கும் நேரடியாகப் பொருந்தும். தேவிபட்டினம் பாக் விரிகுடாக் கரை. திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரை மன்னார் வளைகுடாக் கரை. இரண்டுக்கும் இடையே சாலைவழி ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாடை ஓங்கிய நாளில் முன்னதில் நீர் கலங்கிக் கரையை அறைந்துகொண்டிருக்க, நிலத்தின் மறைவில் இருக்கும் பின்னதில் நீர் பெரும்பாலும் அடங்கியிருக்கும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் ஒரு கரையைப் பார்த்துவிட்டு மற்றதையும் அப்படியே முடிவு கட்டிவிட வேண்டாம். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையோ இந்த இரண்டு கணக்கிலும் அடங்காது. இரு கடல்களின் நீர்மட்டத்திலும் காற்றிலும் உள்ள வேறுபாட்டால் அங்கே நீரோட்டம் வலுவாக ஓடும். வாடைக் காலத்தில் அதன் போக்கு பொதுவாக வடக்கிலிருந்து தெற்காக அமையும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரின் காலடி மணலையே அது உருவிவிடும். அங்கே நீரில் இறங்கக் கூடாது என்பது வெறும் பலகை வாசகம் அன்று.

இனி ஓதத்துக்கு, அதாவது கடல்நீரின் ஏற்றவற்றத்துக்கு வருவோம். இதில் இரண்டு எதிரெதிரான தவறுகள் உள்ளன. ஒரு சாரார் கடல் ஏறினால் ஊரையே விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறார்கள். மறு சாரார் ஏற்றவற்றம் என்ற ஒன்றையே பொருட்படுத்துவதில்லை. பாம்பனிலும் தூத்துக்குடியிலும் வழக்கமான ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆயினும் கரையின் சரிவைக் கணக்கில் கொள்ள வேண்டும். நூறு மீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர் மட்டுமே உயரும் தட்டையான கரையில், நீர் அறுபது சென்டிமீட்டர் ஏறினால் நீர்விளிம்பு அறுபது மீட்டர் உள்ளே வந்துவிடும். காலையில் செருப்பையும் துணிப்பையையும் வைத்த இடம் நண்பகலில் தண்ணீருக்குள் இருப்பதன் இரகசியம் இவ்வளவுதான். தேவிபட்டினத்துக்கு ஒருமுறை நாங்கள் தை அமாவாசைக்கு மறுநாள், கூட்டம் குறைந்திருக்கும் என்று எண்ணிப் போனோம். கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களில் சிலவற்றின் தலை மட்டுமே தெரிந்தது. அமாவாசையன்றே ஏற்றம் உச்சத்தைத் தொட்டு மறுநாள் இறங்கிவிடும் என்பது எங்கள் கணக்கு. உண்மையில் ஏற்றவற்ற வேறுபாடு மிகுவது பொதுவாக அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒன்றிரண்டு நாட்கள் கழித்தே. அட்டமி, நவமியை ஒட்டி அது மிகக் குறைந்திருக்கும். திதி பார்க்கத் தெரிந்த நமக்கு இது கடினமான கணக்கன்று.

நேரத்தைப் பற்றிய பிழையும் இதோடு சேர்ந்தது. நாளொன்றுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்கு வற்றியிருந்தது என்று கேள்விப்பட்டு இன்று அதே பத்து மணிக்குப் போகலாம். போன வாரத்துச் செய்தியை நம்பிப் போகக் கூடாது. சென்னைக்கு வெளியிடப்படும் ஓத நேரத்தைப் பாம்பனுக்கோ தூத்துக்குடிக்கோ எடுத்துக்கொள்வதும் தவறு. ஓத அலை ஒவ்வொரு கரையையும் வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. ஒவ்வொரு ஊருக்கும் அமாவாசை ஏற்றத்துக்கென ஒரு பொழுது உண்டு, அது அந்த ஊரில் நாட்டுப்படகு வைத்திருப்பவருக்கு மனப்பாடம். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் துறைமுகம் வாரியாகவே நேரங்கள் தரப்படுகின்றன. அலைபேசிச் செயலிகளில் பார்ப்போர், அதில் காட்டப்படுவது நம் நேரமா அன்றி உலகப் பொது நேரமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்; ஐந்தரை மணி நேரம் பிசகினால் ஏற்றத்தை வற்றமாகவே படித்துவிடுவோம்.

'கடல் உள்வாங்கியது' என்ற செய்தி ராமேஸ்வரம் பகுதியிலிருந்து வந்தால் உடனே ஆழிப்பேரலையை நினைத்துக் கலங்குவது 2004 டிசம்பர் 26-க்குப் பின் நம்மிடம் படிந்துவிட்ட அச்சம். அதைக் குறை சொல்ல முடியாது. எனினும் காரணங்கள் வேறு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அது உயர்ந்து, மாசி, பங்குனி வாக்கில் தாழ்கிறது. இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு சாண் அளவு. கடலோர நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவதும், நீரின் வெப்பமும் உப்பும் மாறுவதும், காற்று நீரைத் தள்ளும் பக்கம் மாறுவதும் இதற்குக் காரணங்கள். தாழ்ந்துவரும் இந்த மட்டத்தோடு பௌர்ணமி வற்றமும் சேர்ந்துகொண்டால், கரையோரப் பாறையும் பவளத் துண்டும் கடல்பாசியும் வெளியே தெரியும், படகுகள் தரைதட்டும். ஓத வற்றம் மணிக்கணக்கில் மெல்ல நிகழ்வது. நிலநடுக்கத்துக்குப் பின் சில நிமிடங்களில் நீர் வேகமாக விலகுவது வேறு. அப்போது வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டை நோக்கி ஓடுவதே செய்யத்தக்கது.

புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிய தவறான புரிதல் செய்தி வாசிப்பவர் பலரிடமும் உண்டு. 'பாம்பனில் 1-ஆம் எண் கூண்டு' என்றால் சின்னப் புயல், '3-ஆம் எண்' என்றால் கொஞ்சம் பெரியது என்று மதிப்பெண் போல் படிக்கிறோம். அந்த எண்கள் புயலின் வலிமையை மட்டும் அளப்பவை அல்ல. துறைமுகத்துக்கும் புயலுக்கும் உள்ள உறவைச் சொல்பவை. 1, 2 ஆகியவை தொலைவில் உருவாகியுள்ளதைத் தெரிவிப்பவை. 3, 4 ஆகியவை அந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்றையோ புயலையோ எதிர்பார்க்கலாம் என்பவை. 5, 6, 7 மூன்றும் ஏறத்தாழ ஒரே வலிமையுள்ள புயலுக்கானவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பதைப் பிரித்துக் காட்டவே மூன்று எண்கள். கடும் புயலுக்கு 8, 9, 10 அதே முறையில் அமைந்தவை. ஆகவே 5-இலிருந்து 6-க்கு மாற்றினார்கள் என்றால் புயல் வலுத்துவிட்டது என்று பொருளன்று. அதன் பாதை பற்றிய கணிப்பு மாறியுள்ளது என்றே பொருள். 11 என்பதோ வானிலை எச்சரிக்கை மையத்துடனான தொடர்பே அற்றுப்போய்விட்டது என்பதைச் சொல்வது.

மீனவர்களுக்கான அறிவிப்பில் வரும் 'சூறாவளிக்காற்று' என்ற சொல்லும் இப்படித்தான் குழப்புகிறது. அது அங்கே புயலைக் குறிப்பதில்லை. திடீர் திடீரென வேகம் கூடி வீசும் பலத்த காற்றைக் குறிக்கிறது. 'மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும்' என்ற தொடரில் படகைப் புரட்டுவது அந்த 'இடையிடையே'தான். ஆனால் நாம் முதல் எண்ணை மட்டும் வாசித்துவிட்டு நகர்கிறோம். அலை உயரத்திலும் அதே கதை. கடல் நிலையைக் கணித்து அறிவிக்கும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் 2 மீட்டர் அலை என்று அறிவித்தால், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது என்று கொள்ள வேண்டும். தனியொரு அலை அதைப்போல் இரு மடங்குவரை எழுவதற்கும் இடமுண்டு. இரண்டு மீட்டர் என்பது உச்சவரம்பு அன்று.

டிசம்பருக்குள் புயல் காலம் முடிந்துவிடும் என்றும், பெயரில்லாத வானிலைச் சின்னம் ஒன்றும் செய்யாது என்றும் நம்புவது நினைவுக் குறைவால் வருவது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து பாம்பன் அருகே வலுவிழந்து நின்றது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது கடலில் பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் அங்கே இல்லை. குமரிக்கடலை ஒட்டி நிலவிய வளிமண்டலச் சுழற்சி ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி முதல் நாட்களில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையைக் கடந்து, அறுவடைக்கு நின்ற டெல்டாப் பயிரை நனைத்தது. மாசி நெருங்கும் காலத்திலும் வங்கக் கடல் ஓய்ந்துவிடுவதில்லை.

பயணத் திட்டத்தில் எவரும் கணக்கில் கொள்ளாத ஒன்று பாம்பன் பாலத்துக் காற்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் காற்றுமானி வைத்து, மணிக்கு 58 கி.மீ. வேகத்தைக் காற்று தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது நடைமுறையாக இருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் காற்றின் வேகத்தைப் பொறுத்துப் போக்குவரத்து நிறுத்தப்படும். மதுரையிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்ப எண்ணுவோர், வாடை வலுத்த நாளில் மண்டபத்தில் காத்திருக்க நேரலாம் என்று இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது. வண்டி அங்கே நிற்கும்போது சன்னல் வழியே கடலைப் பார்த்தால், கிளம்பும்போது மதுரையில் அசையாமல் நின்ற வேப்பமரம் நினைவுக்கு வரும்.