இரட்டை பேட்டரியிலிருந்து ஒற்றை பேட்டரிக்கு: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கான செய்முறை

சில ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பானட்டுக்குள் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று கெட்டால் நல்லதாக இருக்கும் மற்றதையும் அது இழுத்துக்கொண்டு போகும்; மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். காட்டில் முகாம் போடுவது, இரவெல்லாம் ஃபிரிட்ஜ் ஓட்டுவது போன்ற பழக்கம் இல்லாதவருக்கு இந்தச் செலவு வீண். கடுங்குளிரில் டீசல் வண்டி ஓட்டுபவர் மட்டும் இரட்டையை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன்.

முதலில் இணைப்பைப் பாருங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு பேட்டரியும் எப்படி இணைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் பாதி இதுதான்.

ஒன்றின் ப்ளஸ்ஸிலிருந்து மற்றதன் ப்ளஸ்ஸுக்குத் தடித்த கேபிள் நேராகப் போய், இரண்டு மைனஸும் எர்த்தில், அதாவது வண்டியின் பாடியில், இருந்தால் அது பேரலல் இணைப்பு. வோல்டேஜ் 12தான், ஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் சேர்ந்து கரண்ட் தரும்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஐசோலேட்டரோ (இரண்டையும் தேவைப்படும்போது பிரித்து வைக்கும் ஸ்விட்ச்) டிசி-டிசி சார்ஜரோ (வண்டியின் மின்சாரத்தில் இரண்டாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இருந்தால், இரண்டாவது பேட்டரி பிற்பாடு ஃபிரிட்ஜ், விளக்கு வகையறாவுக்காகச் சேர்த்தது. இதுதான் சுலபமான வகை.

மூன்றாவது வகையில் கை வைக்காதீர்கள். ஒன்றின் ப்ளஸ் மற்றதன் மைனஸோடு சேர்ந்திருந்தால் அது 24 வோல்ட். சில பழைய லேண்ட் குரூசர் டீசல்களில் இது இன்னும் ஏமாற்றும்: விளக்கு, ஹாரன் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடும், சாவியைத் திருப்பும் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இரண்டையும் சீரீஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, சேர்த்து ஸ்டார்ட்டருக்கு 24 வோல்ட் கொடுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தகட்டில் 24 என்று இருந்தால் அந்த மோட்டாரையும் அதன் வயரிங்கையும் மாற்றாமல் ஒற்றைக்கு வர முடியாது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது

பேரலல் வகையில் இருவர் தூக்கிய சுமையை இனி ஒருவர் தூக்க வேண்டும். எனவே பார்க்க வேண்டியது ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) மட்டும் அல்ல, சிசிஏ என்ற எண்ணும். மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடி எவ்வளவு கரண்ட் தர முடியும் என்பதன் அளவு அது. உங்கள் வண்டியின் அதே இன்ஜின் வேறொரு சந்தையில் ஒற்றை பேட்டரியோடு விற்கப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸ் மேனுவலில் தேடுங்கள். இருந்தால் அதில் சொன்ன அளவைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ட்ரேயில் அடங்குமா, ப்ளஸ் சரியான பக்கம் வருகிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கூடுதல் பேட்டரி லித்தியமாக இருந்தால் அதை ஸ்டார்ட்டிங்குக்கு வைக்க நினைக்காதீர்கள். முகாம் வேலைக்கென்று செய்த லித்தியம் பேட்டரி அந்தத் திடீர் கரண்டுக்கு ஏற்றதல்ல.

கழற்றுவது

மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரேடியோவுக்குக் கோட் இருந்தால் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கேபிளையும் படம் எடுத்து, டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். சாவியை எடுத்த பிறகு சில நிமிடம் விடுங்கள்.

முதலில் மைனஸ், அதுவும் இரண்டு பேட்டரியின் மைனஸும். புதியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். பேரலலில் ஒரு மைனஸை மட்டும் கழற்றினால், மற்ற பேட்டரி இணைப்புக் கேபிள் வழியாக இந்தப் பக்கத்து ப்ளஸ்ஸுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அங்கே ஸ்பேனர் பாடியில் உரசினால் நெருப்புப் பொறிதான். இரண்டு மைனஸும் விலகிய பிறகு ப்ளஸ். அப்புறம் பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப். ஒவ்வொரு பேட்டரியும் 20 கிலோவுக்கு மேல் இருக்கலாம், முதுகைப் பார்த்துத் தூக்குங்கள்.

கேபிள்களை ஒழுங்கு செய்வது

ஸ்டார்ட்டர் கேபிள் ஒரு பேட்டரியிலிருந்தும், ஃபியூஸ் பாக்ஸுக்கோ ஆல்டர்னேட்டருக்கோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போவது மற்றதிலிருந்தும் கிளம்பியிருக்கலாம். அப்படியானால் எடுக்கும் பேட்டரியின் கேபிள்களை இருக்கப்போகும் பேட்டரிக்குக் கொண்டுவர வேண்டும். நீளம் போதாவிட்டால் அதே தடிமனில் புதுக் கேபிள் போடுங்கள். முறுக்கி ஒட்டுப்போடுவது இந்தக் கரண்டுக்குத் தாங்காது. தேவையில்லாத கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி வெளியே எடுங்கள். டேப் சுற்றி மூலையில் செருகிய கேபிள் என்றாவது உரசி ஷார்ட் ஆகும்.

எர்த்தை மறக்காதீர்கள். எடுக்கும் பேட்டரியின் மைனஸிலிருந்துதான் இன்ஜின் பிளாக்குக்கு எர்த் போயிருந்தால், அது போனதும் ஸ்டார்ட்டர் கரண்ட் மெல்லிய வயர்கள் வழியாகத் திரும்ப வழி தேடும். புதுப் பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் பிளாக்குக்கும் தடித்த எர்த் இருக்க வேண்டும்.

ஐசோலேட்டர் வகையில், அதை இயக்கும் மெல்லிய சிக்னல் வயரையும் அதன் மூலத்தில் கழற்றுங்கள். மீதி உபகரணங்களை ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு மாற்றும்போது ஒவ்வொன்றுக்கும் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். ஃபிரிட்ஜில் குறைந்த வோல்டேஜ் கட்-ஆஃப் இருந்தால் உயர்ந்த நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் வண்டி எழாது. வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) இருந்தால் இன்ஜின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

பொருத்திச் சோதிப்பது

ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கிளாம்பை இறுக்குங்கள். மைனஸ் டெர்மினலில் பேட்டரி சென்சார் உள்ள வண்டியில் எல்லா எர்த்தும் சென்சாரைத் தாண்டிய பக்கம் சேர வேண்டும். புதுப் பேட்டரியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டியிருக்கலாம்.

மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அல்லது சற்று மேல். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது சாதாரண ஆல்டர்னேட்டரில் 13.8 முதல் 14.5 வரை, தேவைக்கேற்ப வோல்டேஜை மாற்றும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரில் இது ஏறி இறங்கும். பிறகு ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தொட்டால் எர்த் இணைப்பைச் சுரண்டித் துடைத்து மறுபடி இறுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு டெர்மினல்களை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, பழைய பேட்டரிகளை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம்.