நட்சத்திரத்தைக் கட்டியது யார்?

"அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது?" என்று பெரியவர்களிடம் கேட்டால், "நன்றாக இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். நட்சத்திரத்தைக் கட்டியது யார்? குடிலில் எந்தப் பொம்மை உடைந்தது? நள்ளிரவு ஆராதனையில் தூங்கி விழுந்தது யார்? கதை தானாகக் கொட்டும். அண்ணன் தங்கைக்குள் பழைய சண்டையும் கிளம்பலாம், கிளம்பட்டும். அவர்களிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

பழைய புகைப்படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுத மென்மையான பென்சிலே நல்லது. பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளென்றால், ஓர் உறையில் எழுதிவிட்டுப் படத்தை அதற்குள் வையுங்கள்.

ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்து அலங்காரங்களைக் கழற்றும்போது, பிள்ளைகள் செய்தவற்றில் மட்டுமாவது பெயர்ச்சீட்டு கட்டிவிடுங்கள்.